மாலை இல்லாத தஞ்சம்: மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கு

‘காதல் ஜோடி போலீசில் தஞ்சம்’ என்ற தலைப்பு இல்லாமல் நம் நாளிதழ்களுக்கு ஒரு வாரம் கழிவதில்லை. படமும் ஏறக்குறைய ஒரே படம்தான்: வாடத் தொடங்கிய மாலை, மஞ்சள் மாறாத தாலிக்கயிறு, பின்னால் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் பெயர்ப்பலகை. உள்ளே நடப்பதும் பழகிப்போன சடங்கு. இன்ஸ்பெக்டர் இரு வீட்டாரையும் வரச்சொல்வார். அம்மா அழுவார். அப்பா, “இனி எங்களுக்கு இப்படி ஒரு பிள்ளையே இல்லை” என்பார். பெண் மேஜர் என்பதற்கு ஆதார் அட்டையும், கல்யாணம் நடந்ததற்குக் கோயில் ரசீதோ பதிவுச் சான்றோ மேசைக்கு வரும். எழுதி வாங்கிக்கொண்டு பெண்ணைக் கணவனோடு அனுப்பிவைப்பார்கள். எப்போதும் இவ்வளவு சுமுகமாக முடிந்துவிடுவதில்லை. சாதி குறுக்கே வந்தால் கதையே வேறு. ஆனாலும் காவலரிடம் ஒரு நடைமுறை இருக்கிறது, ஜோடியிடம் எடுத்துக்காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

தஞ்சம் கேட்டு வருகிற இருவருமே பெண்களாக இருந்தால்?

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை நான் இந்தக் கேள்வியின் வழியாகத்தான் படிக்கிறேன். நீதிபதி தன் அறியாமையை ஒப்புக்கொண்ட வழக்கு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’க்குத் தடை சொன்ன வழக்கு என்று பலவிதமாக அது பேசப்பட்டிருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் வழக்கின் வேர் இரண்டு ‘காணவில்லை’ புகார்கள்.

புகாரும் ஓட்டமும்

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. இருவரும் காதலித்தார்கள். வீட்டில் தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். தங்க இடம் கொடுத்தவர்கள் தொண்டு நிறுவனத்தாரும் பால்புதுமையர் (ஆங்கிலத்தில் ‘குயர்’) சமூகத்தைச் சேர்ந்தவர்களும். மதுரையில் இரு வீட்டாரும் மகளைக் காணவில்லை என்று தனித்தனியே புகார் கொடுத்தார்கள். இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. போலீஸ் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே வந்து விசாரித்தது. பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், பாதுகாப்புக் கேட்டு இருவரும் ரிட் மனு போட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேஜரான ஒருவர் தன் விருப்பத்தில் வீட்டைவிட்டுப் போவது குற்றமில்லை. ‘காணவில்லை’ புகாரில் போலீசின் வேலை ஆளைத் தேடுவது, உயிரோடு இருக்கிறாரா, யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது, அவர் சொல்வதைப் பதிவு செய்வது. அதோடு கோப்பு மூடப்பட வேண்டும். நடைமுறையில் ‘காணவில்லை’ என்பது ‘திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள்’ என்றே படிக்கப்படுகிறது. தொலைந்த பைக்கைக் கண்டுபிடித்து உரியவரிடம் ஒப்படைப்பதைப் போல. மாலையோடு வரும் ஜோடியின் விஷயத்தில், பெண்ணுக்கு இன்னொரு ‘உரியவர்’ வந்துவிட்டார் என்று நிலையம் சமாதானமாகிறது. அவளே ஒரு மேஜர் என்பதால் இல்லை, கணவன் என்று ஒருவன் வந்துவிட்டதால். கசப்பான உண்மை இது. இரு பெண்கள் போய் நின்றால் அந்தக் குறுக்குவழியும் கிடையாது. நிலையத்தின் கண்ணுக்கு இருவருமே இன்னும் அப்பா வீட்டுப் பிள்ளைகள்தான்.

2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பை விடுவித்துவிட்டது. அதாவது இந்த இருவர் மீதும் வழக்குப் போட முடியாது. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. 377 போன பிறகும் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது.

நீதிபதி படித்த பாடம்

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. பாதுகாப்புக் கொடுங்கள் என்று இரண்டு பக்கத்தில் உத்தரவு போட்டு அனுப்பியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அவர் இரு பெண்களையும் பெற்றோரையும் தன் அறையில் வைத்துப் பேசினார். பிறகு எல்லோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார்.

உளவியலாளரின் அறிக்கையில் எனக்கு மறக்க முடியாத இடங்கள் இரண்டு. பெண்களுக்குத் தங்கள் உறவில் எந்தக் குழப்பமும் இல்லை. பெற்றோர் மீது பாசமும் குறையவில்லை. கட்டாயப்படுத்திப் பிரிப்பார்கள் என்ற பயம் மட்டுமே. பெற்றோர் புரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவும் தயார். இது ஒன்று. பெற்றோருக்கு ஊர் என்ன சொல்லும் என்ற கவலை, மகளின் பாதுகாப்பு பற்றிய கவலை, வம்சம் என்னாவது என்ற கவலை. மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் இருந்துவிட்டால் கௌரவம் என்று அவர்கள் நினைத்தார்கள். இது இரண்டாவது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று உறவெல்லாம் துக்கம் விசாரிக்கும் சமூகத்தில், ஒரு தாயும் தகப்பனும் மகளுக்குத் துறவை விரும்பும் இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்றால் அவமான பயம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்துத்தான் இந்த வழக்கைப் பிரபலமாக்கிய திருப்பம். தன்பாலீர்ப்பை முழுதாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவன் என்று நீதிபதி உத்தரவிலேயே எழுதினார். தீர்ப்பு தலையிலிருந்து வராமல் இதயத்திலிருந்து வர வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும் என்று சொல்லி, தானே வித்யா தினகரனிடம் உளவியல் பாடம் கேட்கப் போனார். சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் அவர்களோடு வேலை செய்பவர்களையும் சந்தித்தார். பின்னர் உத்தரவில், தன்னை இருட்டிலிருந்து வெளியே இழுத்த குருக்கள் என்று அவர்களில் சிலரைக் குறிப்பிட்டார். நீதிமன்றத்தில் எல்லோரும் ‘மை லார்ட்’ என்று விளிக்கும் ஒருவர் இப்படி எழுதுவது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பாதுகாப்புக் கேட்டு வந்த இரு மேஜர் பெண்கள் ஏன் உளவியலாளர் முன் உட்கார வேண்டும்? மாலையோடு வருகிற ஜோடியை, “உங்கள் உறவில் தெளிவாக இருக்கிறீர்களா?” என்று நிபுணரிடம் அனுப்பிச் சான்று வாங்குகிறோமா? இந்த வழக்கில் நீதிபதியும் நல்லவர், உளவியலாளரும் நல்லவர். அறிக்கை பெண்களுக்குச் சாதகமாக வந்தது. வேறொரு ஊரில், வேறொரு ஆலோசகரிடம் இதே வழி எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? இந்தக் கவலை என்னுடையது மட்டுமில்லை. 2024 மார்ச் 11-இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் தந்தது. அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் இப்படிப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களை முன்னுரிமை கொடுத்து எடுக்க வேண்டும். மனு போட்டவருக்கு என்ன உறவு என்று துருவக் கூடாது. ஆலோசனை என்ற பெயரில் ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றப் பார்க்கக் கூடாது. மதுரை வழக்கில் பாடம் கேட்க வேண்டியவர் நீதிபதிதான், பெண்கள் இல்லை. அவர் அதைக் கண்டுகொண்டதுதான் அந்த வழக்கின் அதிர்ஷ்டம்.

2021 ஜூன் 7

அன்று வந்த இடைக்கால உத்தரவு நீளமானது. பள்ளி, சிறை, நீதித்துறை, மருத்துவம், அங்கன்வாடி, அலுவலகம், பெற்றோர் என்று எதையும் விடாமல் தொட்டது. அடைக்கலம் தேடி வருபவர்களுக்குத் தங்குமிடம், இலவசச் சட்ட உதவி, உதவும் தொண்டு நிறுவனங்களின் பட்டியல், பள்ளிகளில் பாலின வேறுபாடு இல்லாத கழிவறை, திருநருக்கு (திருநங்கை, திருநம்பி முதலியோருக்கு) கல்விச் சான்றுகளில் பெயரும் பாலினமும் மாற்ற வழி என்று பட்டியல் போகிறது. இப்படிப் பட்டியல் போட்ட உத்தரவுகள் நாட்டில் நிறைய உண்டு. அலமாரியில் உறங்குபவையும் நிறைய.

ஆனால் பட்டியலின் தலையில் இருந்த ஒரு வரி வேறு ரகம். காணவில்லை என்ற புகார் வந்து, விசாரணையில் சம்பந்தப்பட்டவர்கள் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த, மனமொத்த மேஜர்கள் என்று தெரிந்தால், போலீஸ் அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், குழு வேண்டாம், கட்டடம் வேண்டாம். ரைட்டர் ஒரு பக்கம் எழுதினால் போதும்.

நீதிமன்றம் வழக்கை அத்தோடு முடிக்கவும் இல்லை. கோப்பைத் திறந்தே வைத்து, துறை துறையாகக் கூப்பிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டது. அதனால்தான் சில வரிகள் விதிகளாயின. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, 1964-ஆம் ஆண்டின் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புது விதியைச் சேர்த்தது. பால்புதுமையரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவல் அலுவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படியான விசாரணை துன்புறுத்தலில் சேராது என்று ஒரு விளக்கமும் கூடவே உண்டு. அந்த விளக்கத்தின் இடுக்கில் எத்தனை பேர் நுழைவார்கள் என்பது வேறு கதை. இருந்தாலும், ஒரு தலைமைக் காவலர் மேல் புகார் கொடுக்கும்போது எண் சொல்லிக் காட்ட ஒரு விதி இருப்பதன் பலம், நிலையப் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

பாடப்புத்தகத்தில் இருந்த குற்றம்

வழக்கு மருத்துவத் துறைப் பக்கம் திரும்பியபோது கிடைத்தது இன்னும் மோசம். எம்பிபிஎஸ் மாணவர்கள் படிக்கும் சட்ட மருத்துவப் பாடத்தில் பெண்ணின் தன்பாலீர்ப்பு ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ வரிசையில் இருந்தது. 377-இன் கீழ் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகியும், நாளைய டாக்டர் அதைக் குற்றம் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். “டாக்டர், என் மகளைச் சரிபண்ணிக் கொடுங்கள்” என்று ஒரு தகப்பன் வந்து நிற்கும்போது அந்த டாக்டர் என்ன சொல்வார்?

நீதிமன்றம் கேட்டபின், 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது: இழிவான, அறிவியலுக்குப் புறம்பான தகவல் உள்ள புத்தகங்களை ஏற்காதீர்கள். 2022 ஆகஸ்டில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் ‘சிகிச்சை’ தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதைச் செய்யும் டாக்டர் மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் 2024 ஆகஸ்டில் அதே ஆணையம் புதுப் பாடத்திட்டம் வெளியிட்டது. பெண் தன்பாலீர்ப்பு மறுபடியும் ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ பகுதியில்! கண்டனம் எழுந்ததும் செப்டம்பர் 5-இல் அதைத் திரும்பப் பெற்று, ஒரு வாரத்தில் திருத்திய வடிவம் போட்டார்கள். இதில் யாருக்கும் தனிப்பட்ட வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பழைய கோப்பை எடுத்து ஒட்டியிருப்பார்கள் என்றே படுகிறது. பாகுபாடு பல நேரம் வெறுப்பாக வருவதில்லை. யாரும் திரும்பப் படித்துப் பார்க்காத ஒரு பத்தியாக வருகிறது.

பள்ளிக்கூடத்துக் கதை சுருக்கமானது, ஆனால் வருத்தமானது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டி, ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரித்தது. 2021 இறுதியில் அது இணையத்தில் வந்தது; எதிர்ப்பு வந்ததும் காணாமல் போனது. இந்தக் ‘காணவில்லை’க்கு எஃப்ஐஆர் கிடையாது.

எந்தச் சொல்லால் கூப்பிடுவது

நீதிமன்றம் பத்திரிகைகளின் மொழியையும் கேள்வி கேட்டது. அதன் பலனாக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் ஒரு சொல்தொகுப்பு வெளியானது. அதற்கான அடிப்படை வேலையைச் செய்தவர்கள் சமூகத்துக் குழுக்களும் செய்தியாளர்களும்.

நம் நாளிதழ்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய சொல் ‘ஓரினச்சேர்க்கையாளர்’. ஒரு மனிதரின் ஈர்ப்பு, பாசம், குடும்பம் எல்லாவற்றையும் ‘சேர்க்கை’ என்ற ஒரே செயலில் அடைத்துவிடும் சொல் அது. ஆண் மேல் ஈர்ப்புள்ள பெண்ணை யாராவது ‘எதிரினச்சேர்க்கையாளர்’ என்று செய்தியில் எழுதுகிறோமா? ‘தன்பாலீர்ப்பு’ என்று சொன்னதும் பார்வை படுக்கையறையை விட்டு மனதுக்கு வருகிறது. ‘பால்புதுமையர்’ எனக்கு இன்னும் பிடித்த சொல். 2025-இல் இதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தத் தங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது என்றது; அகராதியில் அதற்கு ‘விசித்திரமான’ என்று பொருள் போட்டிருக்கிறதே என்பது அவர்கள் வாதம். தமிழில் அந்தச் சங்கடமே இல்லை. புதுமை நமக்கு வசவுச் சொல் இல்லை.

காகிதம் கேட்ட கதை

இனி வழக்கின் தேங்கிய பகுதிக்கு வருவோம். விதி மாறியது, பாடம் மாறியது, சொல் மாறியது. ஆனால் நிலையத்து மேசையில் எடுத்துப்போட ஒரு காகிதம்?

2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. திருமணமாக இல்லாவிட்டாலும் சட்டம் ஏற்கும் ஓர் இணைவாகவாவது அங்கீகரிக்கலாமா என்ற கேள்வியும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 17-இல், ஆனந்த் வெங்கடேஷ் வேறொரு வழியைத் தொட்டார். சேர்ந்து வாழும் இருவர் தங்கள் குடும்ப இணைவை ஒரு பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொள்ளும் முறையை அரசு யோசிக்க வேண்டும் என்றார். அது கல்யாணமில்லை. சொத்துரிமை பற்றிய புரட்சியுமில்லை. நாங்கள் இருவரும் ஒரு குடும்பம், எங்களைத் துன்புறுத்தாதீர்கள் என்று காட்ட முத்திரை குத்திய ஒரு தாள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதா என்ன? புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் இதே உயர் நீதிமன்றம் சொன்னது. பல்லாயிரம் குடும்பங்கள் அந்த நிலையிலேயே பிள்ளை பெற்று, வளர்த்து, வாழ்ந்தார்கள். 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, அதே சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சொல்லி, தூத்துக்குடித் தம்பதி ஒன்றின் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. சட்டத்தின் ஒரு சொல்லையும் மாற்றாமல், இருந்த சொல்லைத் திறந்து பார்த்ததோடு சரி. ஊர் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குச் சட்டம் பின்னால் வந்து சீட்டு கொடுப்பது இங்கே பழைய வழக்கம்.

பத்திரம் பற்றிய யோசனை யோசனையாகவே நிற்கிறது. 2025 ஜூலை இறுதியில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது மாநிலத் திருநர் கொள்கை. நெடுநாள் காத்திருந்த நல்ல ஆவணம் அது. திருநர் தங்களுக்கென்று தனிக் கொள்கை கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2021-இல் கதவைத் தட்டியவர்கள் ஒருவரையொருவர் காதலித்த இரு பெண்கள்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு அதே மேசை

2025 மே 22. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவிட்டது. 25 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது புகார். அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னவை: மனுதாரரும் தானும் காதலர்கள், தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், ‘சரியாகிவிட’ வேண்டும் என்று சடங்குகள் செய்தார்கள். தன் துணையோடு போகத்தான் விரும்புகிறார்.

அவரைப் பெற்றோரோடு போகச் சொல்லி அனுப்பிவைத்தது போலீஸ். வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிடுங்கள் என்ற வரிக்கு அப்போது ஏறக்குறைய நான்கு வயது. 24-சி விதிக்கு மூன்று. அமர்வு போலீசின் மெத்தனத்தையும் பரிவின்மையையும் கடுமையாகக் கண்டித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. அந்தப் பெண்ணைத் தடுக்கப் பெற்றோருக்கு உரிமையில்லை, இருவருக்கும் தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

தாயும் நீதிபதிகளிடம் பேசினார். மனுதாரர்தான் தன் மகளைக் கெடுத்துவிட்டார் என்று அவர் குமுறியதை நீதிபதிகள் அலட்சியப்படுத்தவில்லை. மகனின் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக ஏற்று எழுதிய நீதிபதி லீலா சேத்தை நினைவுகூர்ந்து, இந்தத் தாய் லீலா சேத் இல்லை, அவருடைய மனநிலை நமக்குப் புரிகிறது என்று பதிவு செய்தார்கள்.

அதே உத்தரவில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. மனுதாரர் போலீசுக்குக் கொடுத்த புகார்களிலும், நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலும் தன்னை அந்தப் பெண்ணின் துணை என்று எழுதவில்லை. அவருடைய தயக்கம் எங்களுக்குப் புரிகிறது என்றார்கள் நீதிபதிகள். உறவு என்ற இடத்தில் அவர் எழுதிக்கொடுத்தது: நெருங்கிய தோழி.